அரண்மனை ஹோட்டலான பிறகு மகாராணி எங்கே இருந்தார்?

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

காரைக்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். வயது 68. என் கணவரின் ஐயா பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கட்டிய வீடு எங்களுடையது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாட்களில் சாவிக் கொத்து என் இடுப்பில்தான் இருக்கும். கணவர் காலமான பிறகும் நான்தான் பார்த்து வருகிறேன்.

இப்போது வீட்டை ஒரு ஹோட்டல்காரருக்குக் குத்தகைக்கு விடுவதென்று எல்லோரும் பேசி முடித்திருக்கிறார்கள். ஓடு மாற்றக்கூடப் பணமில்லை என்பது உண்மைதான். மகன், "சென்னைக்கு வந்துவிடுங்கள் ஆத்தா" என்கிறான். விசேஷ வீடுகளுக்குப் போனால், "ஹோட்டலாகப் போகிறதாமே?" என்று கேட்கிறார்கள். அதனாலேயே போவதை நிறுத்திவிட்டேன். இரவில் தூக்கமில்லை.

என் மருமகள் தங்கமான பெண். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியின் வாழ்க்கைக் கதையைக் கொடுத்து, "இவரைப் பாருங்கள், எவ்வளவு இழந்தும் நிமிர்ந்து நின்றார்" என்றாள். படித்தேன். ராஜ்யம் போனது, கணவர் போனார், சிறைக்குக்கூடப் போனார். நானோ ஒரு வீட்டுக்காக அழுகிறேன். என் மனம் இவ்வளவு பலவீனமானதா?

— ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் மருமகள் நல்லெண்ணத்தில்தான் அதைக் கொடுத்திருக்கிறார். ஆனால் அழுகிறவரிடம் இன்னொருவரின் பெரிய துக்கத்தைக் காட்டினால் அழுகை நிற்பதில்லை, அழுததற்கான வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. உங்களுக்கு நடந்திருப்பது இதுதான்.

நீங்கள் அந்த வாழ்க்கையில் இழப்புகளை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். நான் வேறு பக்கங்களைப் புரட்டிக் காட்டுகிறேன்.

காயத்ரி தேவி 1919-இல் லண்டனில் பிறந்தவர், கூச் பிகார் இளவரசி. 1940-இல் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மான்சிங்கை மணந்து மூன்றாவது மனைவியாகப் போனார். மூன்றே ஆண்டுகளில், 1943-இல், முக்காட்டுக்குள் இருந்த ராஜபுத்திரக் குடும்பத்துப் பெண்களுக்காக ஜெய்ப்பூரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது அவர் பெயரில் இன்றும் நடக்கிறது. நம் ராஜாஜி 1959-இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியில் சேர்ந்து, 1962-இல் ஜெய்ப்பூர் மக்களவைத் தொகுதியில் நின்றார். பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 அவருக்கு விழுந்தன. 1967, 1971 தேர்தல்களிலும் வென்றார்.

பெரிய அடிகள் எழுபதுகளில்தான் வரிசையாக விழுந்தன. 1970-இல் கணவர் இங்கிலாந்தில் போலோ ஆட்டத்தின்போது இறந்தார். 1971-இல் மன்னர் மானியமும் பட்டங்களும் ஒழிக்கப்பட்டன. 1975-இல் நெருக்கடி நிலையின்போது திகார் சிறை; சுமார் ஐந்து மாதங்கள். ஆக, மகாராணி என்ற பட்டம் போனபோது அவர் கையில் ஒரு பள்ளி இருந்தது, ஒரு தொகுதி இருந்தது. மனோதிடம் என்று நாம் வியப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. வசதிக்கும் உண்டு; அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டம் போனாலும் அவர் ஏழையாகிவிடவில்லை. மகாராணிகளின் வாழ்க்கையைச் சாதாரணக் குடும்பங்களுக்குப் பாடமாக வைப்பதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் தயக்கம் உண்டு.

உங்களுக்கு அந்த வீடே பள்ளியும் தொகுதியுமாக இருந்திருக்கிறது. யார் எந்த அறையில் தங்குவது, படைப்புக்கு என்ன சாமான் வாங்குவது, எந்த மூலையில் மழை ஒழுகுகிறது என்று அத்தனையும் உங்கள் தலையில்தான். வீட்டோடு உங்கள் வேலையும் போகிறது, அந்த வேலையால் கிடைத்த மதிப்பும் போகிறது. கணவரோடு வாழ்ந்த இடமும் அதுவே. இத்தனையும் ஒரே கையெழுத்தில் போகும்போது கலங்காமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

ஒரு பகுதியை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது அதுதான். அவர் வாழ்ந்த ராம்பாக் அரண்மனையை மான்சிங் 1957-இல் ஹோட்டலாக மாற்றினார். இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டிக்காக்க முடியாது என்பதே அங்கும் காரணம். மனைவிக்கு அந்த முடிவு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் எங்கே வசித்தார் தெரியுமா? அதே ராம்பாக் வளாகத்துக்குள், லில்லி பூல் என்ற சிறிய வீட்டில். தன் அரண்மனைக்கு யார் யாரோ பெட்டியோடு வந்து தங்கிப் போவதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தபடி பல ஆண்டுகள் வாழ்ந்தார். 2009-இல், 90 வயதில் இறக்கும்வரை அதுதான் அவர் வீடு.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் மட்டும் வைக்கப்பட்டிருக்கின்றன: முழு வீடு, அல்லது சென்னை. மூன்றாவது வழி ஒன்று இருக்கலாம். உங்கள் கடிதத்தில் பங்காளிகள் பேசினார்கள், மகன் சொன்னான் என்றெல்லாம் இருக்கிறது. உங்களிடம் யாராவது கேட்டார்களா என்பது மட்டும் இல்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவருடைய பங்கில் சட்டப்படி உங்களுக்கும் உரிமை உண்டு. உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்தப் பங்கைக் குத்தகைக்கு விட முடியாது. வம்பு செய்யச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுமுன் என்ன வேண்டும் என்று கேளுங்கள்: பின்கட்டில் உங்களுக்கென்று ஓர் அறை, படைப்பு நாட்களில் வீடு குடும்பத்துக்கு, சாமி அறை வெளியாருக்கு மூடியிருக்க வேண்டும். விருந்தினருக்குச் செட்டிநாட்டுப் பலகாரம் எப்படிச் செய்வது என்று காட்ட ஆள் தேவைப்படும். விருப்பமிருந்தால் அந்த வேலையை ஊதியத்தோடு கேளுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் என்ன இருக்கிறது? கேட்டது எல்லாம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கேட்ட பிறகு சென்னைக்குப் போவதும், கேட்காமலே போவதும் ஒன்றல்ல.

விசேஷ வீடுகளுக்குப் போங்கள். "ஹோட்டலாமே?" என்று கேட்டால், "ஆமாம், ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுங்கள். கேட்கிறவர்கள் வீட்டு ஓடும் அநேகமாக அதே நிலையில்தான் இருக்கும்.

தூக்கம் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எத்தனை நாட்களாகத் தூக்கமில்லை என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மகனிடம் பேசும்போது மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் பக்கம் நிற்பார் என்று தோன்றுகிறது. பேசி முடிவானவற்றைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பங்காளிகளின் வாய்வார்த்தையை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.