ஒரு தோட்டாவில் ஆள் ஏன் விழுவதில்லை?

வணக்கம். சிங்கப்பூரில் தேசிய சேவையைப் போலிஸில் முடித்தவன் நான். அப்போது இடுப்பில் இருந்தது .38 ரிவால்வர், ஐந்து தோட்டா. இப்போது போலிஸாரிடம் 9 மில்லிமீட்டர் கிளாக் கைத்துப்பாக்கி. தோட்டா பெரிதானால்தானே ஆள் உடனே விழுவான்? அப்படியிருக்க, அமெரிக்காவின் எஃப்பிஐ பெரியதை விட்டு 9-க்கு ஏன் திரும்பியது? முனையில் குழி இருப்பதால் உடம்பில் பட்டதும் மலர்ந்து விரியும், போரில் தடை செய்யப்பட்ட குழிமுனைத் தோட்டா போலிஸுக்கு மட்டும் எப்படி ஆகும்?
- கதிரவன், ஈசூன்

அன்புள்ள கதிரவன்,

உங்கள் .38-உம் கிளாக்கின் 9-உம் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். கூடியிருப்பது வேகமும், ஐந்துக்குப் பதில் பதினைந்து தோட்டா கொள்ளும் மேகசினும்.

சுடப்பட்டவன் பின்னால் தூக்கி எறியப்படுவது சினிமாவில்தான். அவ்வளவு விசை தோட்டாவில் இருந்தால் சுட்டவரும் அல்லவா மல்லாந்து விழவேண்டும்? கைத்துப்பாக்கியின் வேகத்தில் சதை ஒரு கணம் விரிந்து மீண்டும் சேர்ந்துகொள்ளும். நிலைப்பது தோட்டா நேராகக் கிழித்த பாதை மட்டுமே. அது மூளையையோ மேல் தண்டுவடத்தையோ தொட்டால் ஆள் அங்கேயே சரிவான். இதயமே கிழிந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் பத்துப் பதினைந்து விநாடி அவனை இயக்கும். கத்தியோடு பாய்கிறவனுக்கு அது தாராளம். அச்சுறுத்தல் ஓயும்வரை போலிஸார் சுடுவது இதனால்தான்.

1986 ஏப்ரல் 11, மயாமி. கொள்ளையன் மைக்கேல் பிளாட்டின் வலக்கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மில்லிமீட்டர் குழிமுனைத் தோட்டா, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். அன்று எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் மாண்டனர், ஐவர் காயமடைந்தனர்.

அதிலிருந்து வந்ததுதான் எஃப்பிஐயின் ஜெலட்டின் சோதனை முறை. சதைக்குப் பதிலாக 10 விழுக்காட்டு ஜெலட்டின் கட்டியை 4 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். முதலில் 4.5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை விநாடிக்கு சுமார் 180 மீட்டர் வேகத்தில் சுட்டுப் பார்ப்பார்கள். அது எட்டரை சென்டிமீட்டரை ஒட்டி நிற்காவிட்டால் கட்டி சரியில்லை, அதில் எடுக்கும் அளவும் செல்லாது. பிறகு வெறும் கட்டி, தடித்த துணி, எஃகுத் தகடு, ஜிப்சம் பலகை, பிளைவுட், கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றின் வழியாகவும் சுடுவார்கள். தோட்டா 12 அங்குலமாவது போகவேண்டும், 18-ஐத் தாண்டக்கூடாது. மார்பு அவ்வளவு ஆழமா என்பீர்கள். பிளாட்டுக்கு நேர்ந்ததுபோல் தோட்டா முதலில் கையைத் துளைத்துவிட்டு மார்புக்குள் போகவேண்டியிருந்தால் அந்த 12 அங்குலம் தேவைப்படும்.

பல தோட்டாக்கள் தோற்பது துணியில். நார் குழியை அடைத்துக்கொண்டால் முனை மலராது. சாதாரண உருண்டைமுனைத் தோட்டாபோலவே ஆளைத் துளைத்து மறுபுறம் போய்விடும். குட்டைக் குழல் ரிவால்வரில் வேகம் குறைவதால் இது இன்னும் அடிக்கடி நேரும். கார்க் கண்ணாடி வேறு விதம்: தோட்டாவின் ஈயமும் அதை மூடிய உலோக உறையும் அங்கேயே பிரிந்து, எடை குறைந்த துண்டு பாதி வழியில் நின்றுவிடும். உறையை ஈயத்தோடு பிணைத்துச் செய்வதும், குழியைப் பாலிமரால் அடைப்பதும் இந்த இரண்டுக்கான மருந்து.

எஃப்பிஐ முதலில் போனது 10 மில்லிமீட்டருக்கு. சுடும்போது கையில் உதை அதிகம் என்று வெடிமருந்தைக் குறைத்தார்கள்; குறைத்தபின் அதை அடைக்க அவ்வளவு நீளமான கூடு எதற்கு என்று 1990-இல் பிறந்தது .40 ரகத் தோட்டா. பின்னர் 9-இன் தோட்டா வடிவமைப்பு தேறி, அதே ஆழத்தை எட்டியது. உதை குறைவு, மேகசினில் கூடுதல் தோட்டா, பெரும்பாலோர் வேகமாகவும் குறிதவறாமலும் சுட்டார்கள். திரும்பியதற்குக் காரணம் அவ்வளவே.

தடை என்று நீங்கள் சொல்வது 1899 ஹேக் பிரகடனம். அது ஒப்பமிட்ட நாடுகளின் படைகள் ஒன்றோடொன்று மோதும் போருக்கானது. உள்ளூர்ப் போலிஸைக் கட்டாது. வீவக அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரத்தில் உருண்டைமுனைத் தோட்டா பாய்ந்தால், அது ஆளைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கதவையும் துளைக்கலாம். மலரும் தோட்டா பெரும்பாலும் அவன் உடம்புக்குள்ளேயே நின்றுவிடும்.