கடன் முழுவதும் தீர்ந்த மாகாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

"இயற்கை வளம் மிகுந்த ஒரு மாகாணம் தன் அரசுக் கடனை முழுவதுமாக அடைத்துவிட்டால், அங்கே வாழும் சாதாரண மக்களுக்கு அதனால் என்ன நன்மை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்க்கும்போது, நீங்கள் பொருளியல் படிப்பவராகவோ, ரொறன்ரோ வாடகையைத் தாங்க முடியாமல் கனடாவின் எண்ணெய் மாகாணமான அல்பேர்ட்டாவுக்கு இடம் மாறலாமா என்று யோசிப்பவராகவோ இருக்கலாம் என்று எண்ணுகிறேன். நான் பொருளியல் படித்தவள் அல்ல. ஆனால் 1989 முதல் அல்பேர்ட்டாவின் தலைநகர் எட்மன்டனில் வாழ்கிறேன். அல்பேர்ட்டா தன் கடனை அடைத்த அந்தப் பத்து ஆண்டுகளும் ஒரு வைத்தியசாலையின் சமையற்கூடத்தில் வேலை செய்தேன். ஆகையால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு எழுதாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

நன்மை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பணம் மிஞ்சியது. ஆனால் கடன் அடைந்தது என்று சொல்லும்போது, யாருடைய கையிலிருந்து எடுத்து அடைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கணக்குத்தான்.

அந்தக் கடன் வந்த வழி பலருக்குத் தெரியாது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, முதல்வர் பீற்றர் லோகீட் 1976இல் ஒரு மரபுச் சேமிப்பு நிதியைத் தொடங்கி, எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 30 வீதத்தை அதில் போட்டுவந்தார். பிற்காலத் தலைமுறைக்கென்று எடுத்துவைத்த பணம் அது. 1983இல் அந்தப் பங்கு 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. 1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்ததும் அரசின் வருமானம் ஒரேயடியாக விழுந்தது. 1987இல் நிதிக்குப் பணம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். செலவு மட்டும் பழையபடியே இருந்ததால் ஆண்டுக்கு ஆண்டு பற்றாக்குறை சேர்ந்து, 1990களின் நடுப்பகுதிக்குள் கடன் ஏறத்தாழ 23 பில்லியன் டொலராகிவிட்டது. முப்பது இலட்சம் பேர்கூட இல்லாத ஒரு மாகாணத்துக்கு அது சிறிய சுமையல்ல. 1992 டிசம்பரில் முதல்வரான றால்ஃப் க்ளைன் இதை இப்படியே விட முடியாது என்று சொன்னது சரியே. அன்றும் நான் அதைச் சரி என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை நான் செய்தித்தாளில் படித்து அறியவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அரசுச் செலவில் ஐந்தில் ஒரு பங்களவு வெட்டப்பட்டது. பொதுத்துறையில் வேலை செய்த அனைவருக்கும் சம்பளத்தில் 5 வீதம் குறைந்தது. முதல்வரும் அமைச்சர்களும் தங்கள் சம்பளத்திலும் அதே அளவைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் முதல்வரின் 5 வீதமும் என்னுடைய 5 வீதமும் ஒன்றல்ல. என் சம்பளச் சீட்டில் மணிக்கு 11 டொலர் 40 சதம் என்று இருந்தது, அடுத்த மாதம் 10 டொலர் 83 சதமாக வந்தது. அந்த 57 சதத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை, ஏனென்றால் அப்போது எங்கள் வீட்டுப் பேருந்துக் காசு அதற்குள்தான் இருந்தது.

சம்பளம் குறைந்ததைவிட ஆட்கள் குறைந்ததுதான் கடினமாக இருந்தது. நோயாளர்களுக்கு உணவுத் தட்டு நிரப்பும் வரிசையில் நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். தட்டு நகர்ந்து வரும். அதிலுள்ள அட்டையைப் பார்த்து, உப்பில்லாதவருக்கு ஒன்று, சர்க்கரை நோயாளருக்கு ஒன்று, மென்று தின்ன முடியாதவருக்குக் கரைத்த உணவு என்று ஒவ்வொருவரும் தமக்குரியதை வைக்க வேண்டும். அந்த எட்டுப் பேர் ஐந்து பேரானார்கள். தட்டுகள் குறையவில்லை. ஒரு நாள் மாலை, விழுங்க முடியாத ஒரு முதியவருக்குப் போக வேண்டிய தட்டில் பாண் துண்டை நான் வைத்துவிட்டேன். வார்டில் ஒரு தாதி கவனித்துத் திருப்பி அனுப்பியதால் எதுவும் நடக்கவில்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை. அந்தத் தாதியும் அடுத்த ஆண்டு வேலை பறிபோய் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அக்காலத்தில் அப்படிப் போன தாதியர் மிகப் பலர்.

1995 நவம்பரில் எங்கள் மாகாணத்தின் இன்னொரு பெரிய நகரமான கல்கரியில் வைத்தியசாலைச் சலவைத் தொழிலாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிந்து, சட்டப்படி அறிவிக்காமலே வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் ஏற்கெனவே கால் பங்குக்கும் மேலாகச் சம்பளத்தை விட்டுக்கொடுத்திருந்தவர்கள். அவர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்த பெண்கள். பத்து நாட்களுக்குள் மற்றத் தொழிலாளரும் சேர்ந்துகொள்ள, அரசு சுகாதாரத்தில் மேலும் செய்ய இருந்த வெட்டு ஒன்றைக் கைவிட்டது. கடனை அடைத்த வரலாற்றைப் பேசுகிறவர்கள் இவர்களையும் அந்த வரலாற்றில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டுக்குள்ளும் அந்தக் கணக்கு வந்தது. 1994இல் பாலர் வகுப்புக்கான அரசு நிதியை 400 மணிநேரத்திலிருந்து 200 மணிநேரமாகக் குறைத்தார்கள். என் மூத்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. மீதி நேரத்துக்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டும் என்று பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலம் கேட்கக் கிடைத்த ஒரே இடம் அந்த வகுப்புத்தான். நாங்கள் கட்ட முடியவில்லை. இரண்டு ஆண்டுகளில் அரசு அந்த நிதியை மீண்டும் கொடுத்தது. ஆனால் என் மகளுக்கு ஐந்து வயது மீண்டும் வரவில்லை.

அதே காலத்தில் நாங்களும் ஒரு கடனை அடைத்துக்கொண்டிருந்தோம். என் தம்பியை ஊரிலிருந்து எடுப்பதற்காக, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டிய காசு அது. 14,000 டொலர், பெரும்பகுதி ரொறன்ரோவில் இருந்த பெரியம்மாவின் மகனிடம் வாங்கியது. நான் ஒரு தடித்த அட்டைக் கொப்பியில் மாதாமாதம் கட்டியதை எழுதி வந்தேன். 1996 டிசம்பரில் கடைசி வரியை எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு இழுத்தேன். அந்த இரவு சுகியன் பலகாரம் சுடும்படி என் கணவர் சொன்னார், நானும் சுட்டேன். கடன் தீர்ந்த வீட்டின் நிம்மதி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொப்பியில் எழுதாத ஒன்று இருந்தது. கடைசி ஆண்டில் என் கணவரின் கடைவாய்ப் பல் ஒன்று பழுதாகியிருந்தது. அப்போது பல் வைத்தியம் இந்நாட்டில் அரசின் இலவச வைத்தியத்தில் அடங்கவில்லை. வேர்ச் சிகிச்சைக்கு 700 டொலர், பிடுங்குவதற்கு 90 டொலர் என்றார்கள். பிடுங்கினோம். கடன் குறித்த மாதத்தில் அடைந்தது. சில ஆண்டுகளில் அந்த இடைவெளிக்குப் பக்கத்துப் பல் சாயத் தொடங்கியது.

2004 ஜூலை 12ஆம் திகதி, கல்கரியில் முதல்வர் க்ளைன் ஒரு பெரிய பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். முழுதும் செலுத்தப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. தவணை வராத 3.7 பில்லியன் டொலர் கடன் பத்திரங்களுக்கும் பணம் எடுத்துவைத்தாயிற்று என்று அறிவித்தார். வேலை முடிந்து வந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது. அது பெருமையா கோபமா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது சொல்வேன். அந்தப் பலகையில் என் 57 சதமும் இருந்தது.

கடன் வாங்கிக் குவிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசுக் கடனும் வீட்டுக் கடனும் ஒன்றல்ல என்று பொருளியல் படித்த ஒருவர் இங்கே வந்து எழுதக்கூடும். அதுவும் எனக்குத் தெரியும். நான் சொல்வது வேறு. செலவை வெட்டியதால் பற்றாக்குறை நின்றது. ஆனால் கடனில் ஒரு பெரிய பங்கை அடைத்தது 2000க்குப் பின் ஏறிய எரிவாயு விலை. எண்ணெய்தான் அடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் அல்பேர்ட்டாவுக்கு எண்ணெயைவிட எரிவாயுதான் அதிகம் கொடுத்தது. 2005-06 நிதியாண்டில் வள வருமானம் 14 பில்லியன் டொலரைத் தாண்டியபோது, அதில் பாதிக்கும் மேல் எரிவாயு.

இந்த வருமானத்தை வருமானம் என்று சொல்வதே எனக்கு உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் தோட்டத்து வெங்காயத்தை விற்றுக் கடன் கட்டுகிறவரும் உண்டு, தோட்டத்தையே பரப்புப் பரப்பாக விற்றுக் கடன் கட்டுகிறவரும் உண்டு. இரண்டு பேரும் கடனில்லாதவர்கள்தான், ஆனால் அடுத்த மாரிக்கு ஒருவரிடம்தான் நிலம் இருக்கும். நிலத்தடி வாயுவும் எண்ணெயும் ஒருமுறைதான் விற்கலாம். லோகீட் தொடங்கிய மரபு நிதிதான் விற்ற நிலத்துக்குப் பதிலாக வாங்கும் வேறு நிலம். கடன் அடைத்த காலம் முழுவதும் அது ஏறத்தாழ 12 பில்லியன் டொலரிலேயே நின்றது, ஏனென்றால் அதன் வட்டியையும் அரசு செலவுக்கு எடுத்துக்கொண்டது. அல்பேர்ட்டா நிதி தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1990இல், நோர்வே இதேபோன்ற ஒரு நிதிக்கான சட்டத்தை இயற்றியது. முதற் பணத்தை 1996இல்தான் போட்டது. இன்று நோர்வேயின் நிதி ஒரு ட்ரில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. நோர்வே தனி நாடு, அல்பேர்ட்டா ஒரு மாகாணம், இங்கிருந்து கூட்டாட்சி அரசுக்கும் வரி போகிறது என்று வாதிடுவார்கள். உண்மைதான். அப்படியானாலும் போட்டதை நிறுத்தச் சொன்னது கூட்டாட்சி அரசல்ல.

அந்தப் பலகையில் எழுதப்படாதவை வேறும் இருந்தன. ஆசிரியர் ஓய்வூதிய நிதியில் பல பில்லியன் பற்றாக்குறை இருந்தது. 2007இல்தான் ஆசிரியர்களின் பங்கையும் அரசு ஏற்றுக்கொண்டது. கல்கரியின் பழைய பொது வைத்தியசாலையை 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எட்டு ஆண்டுகளுக்குள் அந்த நகரத்தின் மக்கள்தொகை பத்து இலட்சத்தைத் தொட்டது. பாடசாலைக் கூரைகளைப் பழுது பார்ப்பது ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போனது. என் மகளின் பாடசாலை நடைக்கூடத்தில் உருகுபனிக் காலத்தில் ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைத்திருப்பார்கள், பிள்ளைகள் அதைச் சுற்றிப் போவார்கள். கடனற்ற மாகாணம் என்று பெயர் வாங்கிய பின்பும், எங்கள் குடும்பம் மாதம் 88 டொலர் சுகாதாரக் காப்புக் கட்டணம் கட்டியது. 2009 ஜனவரியில்தான் அது நீக்கப்பட்டது. இவற்றை எல்லாம் கடன் என்று எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதாது. ஆனால் யாரோ ஒருவர் பின்னர் கட்டத்தான் வேண்டியிருந்தது.

2006 ஜனவரியில் ஆளுக்கு 400 டொலர் காசோலை வந்தது. உபரியில் ஒரு பகுதியை, ஏறத்தாழ 1.4 பில்லியன் டொலரை, மாகாணத்து மக்கள் எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். பிள்ளைகளுக்கு உரியதும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு 1,600 டொலர். வாங்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, வாங்கினேன், மகிழ்ந்தேன். அந்தப் பணம் என் கணவரின் வாயில் பாலம் கட்டிய பல் வைத்தியருக்குப் போனது. போதாமல் மேலும் கொடுத்தோம்.

பிறகு என்ன ஆனது என்று நீங்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவில் பாறைக்குள்ளிருந்து வாயு எடுக்கத் தொடங்கியதும் எரிவாயு விலை விழுந்து, பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. வீதிகளும் பாடசாலைகளும் கட்ட அரசு மீண்டும் கடன் வாங்கத் தொடங்கியது. 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டொலருக்குக் கீழே போனது. அதற்குப் பின் தொற்றுநோய்க் காலம். 2021 மார்ச்சில் மாகாணத்தின் கடன் 90 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. நாங்கள் வயிற்றைக் கட்டி அடைத்ததைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. 2022இல் எண்ணெய் விலை ஏற மீண்டும் பெரும் உபரி. யார் ஆட்சியில் இருந்தார்கள் என்று சொல்லிச் சண்டை பிடிக்க இங்கே பலர் வருவார்கள். ஆனால் வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியிலும் கடன் ஏறியது, எல்லாக் கட்சிகளின் காலத்திலும் எண்ணெய் விலைதான் கணக்கை எழுதியது.

ஆகையால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது. இடம் மாறுவதானால் தாராளமாக வாருங்கள். மாகாண விற்பனை வரி இங்கே இல்லை, வேலையும் உண்டு. ஆனால் பெப்ரவரியில் வரவு செலவுத் திட்டம் வெளியாகும்போது, கடன் எவ்வளவு என்ற வரிக்குப் போகும் முன், பீப்பாய் விலை எவ்வளவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது ஒரு டொலர் குறைந்தால் பல நூறு மில்லியன் வருமானம் குறையும். மரபு நிதிக்கு அந்த ஆண்டு உண்மையில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். உங்கள் பிள்ளை படிக்கப்போகும் பாடசாலைக்கு ஒரு முறை போய், உருகுபனிக் காலமாக இருந்தால், நடைக்கூடத்தில் வாளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.