பெரிய செட் வேண்டாம், ஐந்து அளவு போதும்

46 பீஸ் டூல் செட்டில் இரண்டு சாக்கெட் (நட்டின் மேல் கவிழ்த்து மாட்டித் திருகும் குழல்) விரிசல் விட்டு, ஸ்ப்ளெண்டர் பைக்கின் 10 எம்எம் நட்டும் மழுங்கிவிட்டது, இனி காலத்துக்கும் உழைக்கிற பெரிய செட்டாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டே வேண்டாம் நண்பரே. உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது 8, 10, 12, 14, 17 எம்எம் அளவுகள்தான், அதை மட்டும் டபாரியா மாதிரி பிராண்டில் குரோம் வனேடியம் எஃகு ரிங் ஸ்பேனராக (நட்டைச் சுற்றிப் பிடிக்கும் வளைய முனை உள்ளது; 10-11, 12-13 என்று முனைக்கு ஒரு அளவாக இரட்டையாகத்தான் வரும்) ஹார்டுவேர் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். கூடவே ஒரு புது நட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், ஆட்டம் அதிகமாக இருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் அந்த ஸ்பேனர் வேண்டாம்.

சாக்கெட்டில் உள்ளே ஆறு மூலை உள்ளதையே கேளுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது நட்டின் முனைக்குப் பக்கத்தில்தான் பிடிக்கிறது, அதனால் துருப்பிடித்து இறுகிய நட்டில் சட்டென்று வழுக்கிவிடும். ஆறு மூலை பட்டையான பக்கத்திலேயே அழுத்தும்.

அப்புறம், கட்டிங் பிளேயர் வாங்கினால் அதன் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், வெட்டும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் வேறு கேளுங்கள். அந்த மழுங்கின நட்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.