உங்கள் வாள்வீரன் ஏன் வீட்டை விட்டு வந்தான்? – கேள்வி பதில்

ஆர்பிஜி கேம்களில், அதாவது ஒரு ஆளாக வேடமேற்று விளையாடும் கணினி விளையாட்டுகளில், நாங்கள் உருவாக்கும் ஆட்களுக்குக் குணமும் பழைய கதையும் எப்படிக் கட்டுவது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். நினைத்ததை விடக் கூடக் கேள்வி வந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கோண்டாவில் தம்பி ஒருவர்: அக்கா, ஸ்கைரிம் தொடங்கினால் இனத்தை மாற்றினாலும் முகத்தை மாற்றினாலும் உள்ளுக்குள் நான்தான் நிற்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

முகம் செய்வதில் ஒரு மணித்தியாலம் மினக்கெடுகிறோம், ஆள் யார் என்று அரை நிமிடம் யோசிப்பதில்லை. ஸ்கைரிம் (2011) தொடங்கும்போது கை கட்டியபடி வண்டியில் போகிறீர்கள். எல்லையைக் கடக்கப் பார்த்துப் பிடிபட்டீர்கள் என்று முன்னால் இருப்பவன் சொல்கிறான். ஏன் கடக்கப் பார்த்தீர்கள் என்று கேம் கடைசிவரை சொல்லாது. அந்த இடம் உங்களுடையது. தகப்பன் யார், எங்கே பிறந்தான் என்று தொடங்காமல், எதை விட்டுவிட்டு வந்தான் என்று கேட்டுப் பாருங்கள்.

என்னிடம் ஒரு கஜீத் பெண் இருந்தாள், பூனை இனம். அந்தக் கேமில் கஜீத் வியாபாரிகள் நகருக்குள் போக முடியாது. மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்துத்தான் விற்பார்கள். ஆனால் விளையாடுகிற நீங்கள் கஜீத்தாக இருந்தாலும் உள்ளே போய் வரலாம். எனக்கு அதுவே கதையாகிவிட்டது. வைட்ரன் நகரில் 5000 பொன் கொடுத்து வீடு வாங்கினாள், ஒருநாளும் அதில் படுக்கவில்லை. தன் சனம் வந்திருக்கும் நாட்களில் மதிலுக்கு வெளியே, அவர்களுக்குப் பக்கத்தில்தான் இரவைக் கழிப்பாள்.

சாவகச்சேரித் தங்கச்சி: பால்டர்ஸ் கேட் 3 ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். கேமில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை!

பன்னிரண்டு பக்கமா? சரி. அந்தக் கேமில் பின்னணி என்று ஒன்றைத் தெரிவு செய்தீர்கள் அல்லவா, பிரபு, போர்வீரன், ஏமாற்றுக்காரன் என்று? அதற்கு ஏற்ற மாதிரி ஏதாவது செய்தால் இன்ஸ்பிரேஷன் என்று ஒரு புள்ளி கிடைக்கும். நாலு வரை சேர்த்து வைத்து, தாயக்கட்டை பிழைத்தால் திருப்பி உருட்டலாம். உங்கள் பன்னிரண்டு பக்கம் கேமுக்கு எப்படித் தெரியும்?

டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் (2009) வேறு ரகம். ஆறு தொடக்கங்கள் உண்டு. குள்ளர் அரச குடும்பத்தில் தொடங்கினால், பிறகு அதே நகரத்துக்குத் திரும்பும்போது உங்களைக் கவிழ்த்த தம்பி அங்கே நிற்பான். கேமே அப்படிக் கதை வைத்திருந்தால் அதற்கு மேல் எழுதவேண்டாம். மற்றக் கேம்களுக்கு, எந்த வரியால் கேம் கேட்கும் ஒரு கேள்விக்கு வேறு பதிலை அமத்துவீர்களோ அந்த வரி மட்டும் போதும். மிச்சத்தை எறியாதீர்கள், சிறுகதையாக்கலாம்.

பருத்தித்துறைத் தம்பி: என் ஆட்கள் எல்லாருக்கும் ஊர் எரிந்துவிடுகிறது, தாய் தகப்பன் செத்துவிடுகிறார்கள், பிறகு பழிவாங்கல். எனக்கே அலுத்துவிட்டது.

இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். எரிந்த ஊர் வேறு இடத்தில் விளையாடுகிறவருக்குக் கற்பனை. எங்களில் பலருக்கு அது அம்மம்மா சோறு போடும்போது சொல்கிற கதை. எழுதவேண்டாம் என்று சொல்லமாட்டேன். எழுதினால் நெருப்பை விட்டுவிட்டு, ஓடும்போது கையில் எதைத் தூக்கினார்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் தையல் மெசினின் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஏன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்று, செத்த குடும்பம் எழுதுகிறவனுக்கு வசதி. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருக்கிற சனம்தான் கரைச்சல். பால்டர்ஸ் கேட்டில் என்னிடம் ஒரு பாடினி இருக்கிறாள், பின்னணி ஏமாற்றுக்காரி. ஊரில் இருபது பேரைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்தவள், 3000 பொன் கைக்கு வந்ததும் இரவோடு இரவாக ஓடிவிட்டாள். ஒருவரும் சாகவில்லை. இருபது பேரும் ஊரில் இருந்து அவளைத் திட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பெட்டியைத் திறந்து பொன் எடுத்தால்கூட அவளுக்குக் கணக்கு ஓடும். முகாமில் இருக்கும் பெட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வைக்கத் தொடங்கினாள். கேமில் யாரும் தராத குவெஸ்ட், அதாவது பணி, அது.

மானிப்பாய் வாசகர்: "கோபக்காரன், நேர்மையானவன்" என்று எழுதி வைக்கிறேன். பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது.

"நேர்மையானவன்" என்பது கலியாணம் பேசும்போது அயலட்டை சொல்கிற சொல், அதை வைத்து விளையாட முடியாது. அவன் செய்யமாட்டாத ஒரு காரியத்தை எழுதுங்கள், அதனால் உங்களுக்கு நட்டம் வரவேண்டும். ஸ்கைரிமில் என் நோர்ட் (வடநாட்டு மனித இனம்) ஒருவன் செத்தவர்களின் சாமானைத் தொடமாட்டான். அங்கே நல்ல சாமான் நிறையக் கல்லறைகளுக்குள்தான் கிடக்கும், ஆகவே எப்போதும் தரித்திரம். மருந்து முடிந்து சாகக் கிடந்த ஒரு நேரம் தாழி ஒன்றைத் திறந்துவிட்டான். முன்னர் சேமித்து வைத்த இடத்துக்கு, பழைய சேவுக்கு, நான் திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. அன்றைக்குத்தான் அவன் எனக்கு ஒரு மனிதனாகத் தெரிந்தான்.

சுன்னாகம்: நல்லவன், கெட்டவன், நடுநிலை என்று ஒன்பது கட்டம் போடுவார்களே, தேவையா?

இல்லை. பால்டர்ஸ் கேட்டுக்கு அடிப்படையான மேசை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 இல் வந்தபோது ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான் இருந்தன. நன்மையும் தீமையும் பின்னால் சேர்ந்தவை. பால்டர்ஸ் கேட் 3 அதை வைத்துக்கொள்ளவே இல்லை.

நல்லூர்த் தம்பி: எல்ஃபுக்கு எங்கள் பெயர் வைத்தால் பகிடியாக இருக்குமா? சங்கிலி என்று வைக்க ஆசை.

பெயர் பகிடி இல்லை. ஆனால் சங்கிலி வேண்டாம். 1619 இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவில் கொல்லப்பட்ட யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன். முடிவு எல்லாருக்கும் தெரிந்த ஆளுக்கு நீங்கள் எதைக் கட்டுவீர்கள்? பெயரை விட ஊர்ப் பழக்கத்தை எடுங்கள். நெடுந்தீவில் குதிரைகள் கட்டுக்கடங்காமல் திரிகின்றன, வளவுக்குப் பவளப்பாறைக் கல்லில் மதில் கட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு தீவில் வளர்ந்த ரேஞ்சர் (வழக்கமாகக் காட்டில் திரியும் வேட்டைக்காரி) காட்டைக் கண்டால் பயப்படுவாள், வெட்டைவெளியில் அவளைப் பிடிக்கவே முடியாது. நல்ல தண்ணீரைக் கண்ட இடமெல்லாம் நிரப்பிக்கொள்வாள்.

உடுவில், ஒரு தாய்: பிள்ளை, வருகிற வருடம் உயர்தரம் எடுக்கவேண்டிய மகன் கொப்பி முழுக்க யாரோ ஒரு சூனியக்காரனின் சரித்திரம் எழுதுகிறான். என்ன செய்ய?

அன்ரி, எந்தப் பாடக் கொப்பி என்று முதலில் பாருங்கள். கணிதக் கொப்பி என்றால் ஏசுங்கள். வேறு கொப்பி என்றால் அந்தச் சூனியக்காரனுக்குத் தாய் இருக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள், பெடியன் முழிப்பான்.

பருத்தித்துறைத் தம்பி மறுபடியும்: அக்கா, அந்தச் சீட்டுக்காரி கடைசியில் 3000 பொன்னும் சேர்த்தாளா?

2400 தான் சேர்ந்தது. முகாமில் விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூட்டுக் கிழவன் இருப்பான், செத்த தோழரை எழுப்ப 200 பொன் கேட்பான். மூன்று தரம் அந்தப் பெட்டியில் இருந்துதான் கொடுக்கவேண்டி வந்தது. விதர்ஸின் பொக்கெட்டில் கைவைத்து அதைத் திருப்பி எடுக்கலாம் என்று விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு அது கைவந்த கலை. ஆனால் இனிமேல் ஒருவரின் மடியிலும் கைவைப்பதில்லை என்று முதல் நாளே எழுதி வைத்துவிட்டேன். 600 இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.