மாமியாருக்கு ஒரு மேலதிக மெத்தை

கேள்வி: நான் கண்டியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கணவர் வங்கி ஊழியர். எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று இரவுகள் மழைக்காட்டில் தங்க விரும்பி மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது, சிங்கராஜ வனத்தின் குடாவ வாயிலுக்கு அருகே உள்ள மரக்குடில். ஏணியில் ஏறிச் செல்ல வேண்டும், கைத்தொலைபேசிக்குக் கவரேஜ் கிடையாது, படங்களில் மிக அழகாக இருக்கிறது. அதே வளவில் இரண்டு அறைகள் கொண்ட பழைய வீடொன்றும் இருக்கிறது. இரண்டு அறைகளுக்கும் சேர்த்து ஒரு மரக்குடிலின் கட்டணம்தான், ஆனால் சாதாரண வீடு போலத் தெரிகிறது. இரண்டாவது, தெனியாயப் பக்கத்தில் தேயிலையை ஒட்டிய ஒரு லொட்ஜ். மூன்றாவது, கித்துல்கலையில் ஆற்றைத் தோணியில் கடந்து செல்லும் இடம். மாமியாரும் எங்களோடு வருகிறார். நாங்கள் காட்டுக்குள் நடக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், கஷ்டம் பழகியவர். இப்போது சீனி வியாதியும் முழங்கால் வலியும் இருக்கின்றன. அவருக்குத் தனி அறை தேவையில்லை, ஒரு மேலதிக மெத்தை போட்டால் போதும். எந்த இடம் நல்லது? முற்பணம் இன்னும் கட்டவில்லை.
– வாசகி, கண்டி

பதில்: விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு வருகின்றன. ஊரும் லொட்ஜும் மாறும், "அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்" என்ற வரி மட்டும் மாறாது. உங்கள் கடிதத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு மெத்தையும் இருக்கிறது. காட்டைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அந்த மெத்தையை எங்கே போடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மரக்குடிலில்தான் போட வேண்டும். அங்கே ஏறுவதற்கு ஏணி. சீனி வியாதி உள்ளவர் இரவில் எத்தனை தடவை கழிப்பறைக்கு எழும்புவார் என்பது ஒரே வீட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. மழைக்காட்டின் இருட்டில், நனைந்து வழுக்கும் ஏணிப்படிகளில், வலிக்கும் முழங்காலோடு, ஒரு கையில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கி ஏறுவதை நீங்கள் ஒரு தடவையாவது மனதில் ஓட்டிப் பார்த்தீர்களா? குடிலிலேயே கழிப்பறை இருக்கிறது என்று சொல்வீர்களானால், கணவனும் மனைவியும் தூங்கும் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவர் அங்கே போக வேண்டும். கூச்சத்தில் அவர் இரவு முழுவதும் அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். காலையில் நன்றாகத் தூங்கியதாகவும் சொல்வார், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

"கஷ்டம் பழகியவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொற்களைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. தோட்டத்து வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பரா என்ற ஒற்றை அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார், பிள்ளைகள் எல்லோருடனும் தரையில் பாய் விரித்துப் படுத்து, விடியுமுன் எழுந்து பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய், இடுப்பில் சுற்றிய படங்குத் துணியும் தலையில் கூடையுமாக மழையிலும் பனியிலும் மலை ஏறிய தலைமுறை அவருடையது. அந்த உழைப்பில்தான் உங்கள் கணவர் படித்து வங்கி உத்தியோகத்துக்கு வந்திருப்பார். வாழ்நாளில் பெரும்பகுதி தனக்கென்று ஒரு கதவு இல்லாமல் இருந்த ஒருவரை, முதன்முதலாக ஒரு லொட்ஜுக்கு அழைத்துச் செல்லும்போதும் தரையில்தான் படுக்க வைப்போம் என்று முடிவு செய்துவிட்டு, அவருடைய பழக்கத்தையே அதற்குக் காரணமாகக் காட்டுகிறீர்கள். பட்ட கஷ்டத்துக்குக் கணக்குப் பார்த்தால், அந்த வளவில் நல்ல அறை முதலில் அவருக்குத்தான் சேர வேண்டும்.

தனி அறை தேவையில்லை என்று சொன்னது யார்? அவரா, நீங்களா? அவரே சொல்லியிருந்தாலும் அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். தோட்டத்துத் தாய்மார் எது கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்க வேண்டும். பணம் போதவில்லை என்று எழுதியிருந்தால் நான் வேறு விதமாகப் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் பழைய வீட்டின் இரண்டு அறைகளுக்கும் ஒரு மரக்குடிலின் கட்டணம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இங்கே செலவு ஒரு கேள்வியே இல்லை. அந்த வீடு படத்தில் அழகாக இல்லை, அவ்வளவுதான். ஒரு படத்துக்காக மாமியாரை ஏணியில் ஏற்றத் துணிந்திருக்கிறீர்கள்.

உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் தன் தொழிலோடு ஒரு தடவை வருகிறார், பிறகு காணவில்லை. பெற்ற தாய் எங்கே படுப்பார் என்று யோசிக்க வேண்டிய முதல் ஆள் அவர்தான். மாமியார் தொடர்பான எல்லா முடிவுகளையும் மருமகளிடம் விட்டுவிட்டு, பிழை வந்தால் மருமகளைக் கைகாட்டும் ஆண்கள் நம் வீடுகளில் அதிகம். இந்தப் பதிலின் இந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இனி இடங்களுக்கு வருகிறேன். கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகச் சென்றால் மூன்றிலும் மிக அருகில் இருப்பது கித்துல்கலைதான். களனி கங்கைக்கு அப்பால் உள்ள காடு உண்மையான தாழ்நில மழைக்காடு. இலங்கைக்கே உரிய சிறிய ஆந்தை ஒன்றின் குரலை 1995ஆம் ஆண்டு முதன்முதலில் கேட்டது அங்கேதான். 2001ஆம் ஆண்டு சிங்கராஜத்தில் அதைக் கண்ணால் கண்டார்கள், 2004இல் புதிய இனமாக அறிவித்தார்கள். ஆனால் கித்துல்கலைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் ஆற்றில் ரப்பர் படகு விடுவதற்கு வருகிறார்கள், வார இறுதிகளில் காரியாலயக் கூட்டங்களின் பாட்டும் போத்தலும் ஆற்றங்கரையை நிறைத்துவிடும். மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் நீரைத் திறந்துவிடுவதைப் பொறுத்து ஆற்றின் மட்டம் ஏறி இறங்கும். ஐந்து வயதுப் பிள்ளையையும் முழங்கால் நோவுள்ளவரையும் ஒவ்வொரு தடவையும் தோணியில் ஏற்றி இறக்குவது விடுமுறையாக இருக்காது. அதை விட்டுவிடுங்கள்.

தெனியாய எனக்குப் பிடித்த பக்கம். மெதிரிப்பிட்டிய வாயிலை நோக்கிச் செல்லும் வழியில் சிறு தேயிலைத் தோட்டங்கள் காட்டின் ஓரம் வரை போகின்றன. காடு எங்கே முடிந்து தேயிலை எங்கே தொடங்கியது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். உங்கள் மாமியாருக்கு அந்தப் பச்சை புதிதல்ல. அங்கே கொழுந்து எடுப்பவர்களிடம் விலையும் நிறையும் விசாரித்துக்கொண்டு அவர் ஒரு காலைப் பொழுதை மகிழ்ச்சியாகக் கழிப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் கண்டியிலிருந்து போக ஒரு பகல், திரும்ப ஒரு பகல். மூன்று இரவுகளுக்கு, அதுவும் இவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு, அந்தத் தூரம் அதிகம்.

எனவே குடாவவுக்குப் போங்கள், பழைய வீட்டில் தங்குங்கள். இரத்தினபுரி, கலவானை, வெத்தாகல வழியாகச் செல்லும் இந்தப் பயணமும் பகலில் பெரும்பகுதியை எடுக்கும். ஆனாலும் போய்ச் சேர்ந்தபின் கிடைப்பது அதற்கு ஈடாகும், அதற்குக் காரணம் அங்கேயுள்ள பாதை. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இந்த வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினார்கள், மரங்களை ஏற்றிச் செல்லப் பாதையும் அமைத்தார்கள். பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வெட்டுவது நின்றது. 1978இல் சிங்கராஜம் உயிர்க்கோள ஒதுக்கமானது, 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மரம் ஏற்றிய அந்தப் பழைய பாதைதான் இன்று குடாவவிலிருந்து உள்ளே செல்லும் பிரதான நடைபாதை. அகலமானது, ஏற்றமும் அதிகமில்லை. காட்டை அழிக்க வெட்டிய வழி இன்று முழங்கால் நொந்தவர்களுக்கும் காட்டைக் காட்டுகிறது என்பது ஒரு வேடிக்கைதான். ஒரு கைத்தடியோடு உங்கள் மாமியாரும் முடிந்த தூரம் நடக்கலாம், முடியாத இடத்தில் உட்காரலாம்.

அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதுவும் குறைந்துவிடாது. சிங்கராஜத்தின் பறவைகளில் பல கூட்டமாகத் திரிபவை. கரிச்சானும் சிலம்பன்களும் முன்னே செல்ல, பல இனங்கள் ஒன்றாக மரத்துக்கு மரம் இரை தேடிப் போகும். ஒரே இடத்தில் பொறுமையாக இருந்தால் அந்தக் கூட்டம் தலைக்கு மேலேயே கடந்து செல்லக்கூடும். நீல உடலும் சிவந்த அலகும் கொண்ட, இலங்கையில் மட்டுமே வாழும் மக்பை பறவையைப் பார்க்கப் பலர் கடல் கடந்து வருகிறார்கள். அந்தப் பாதையில் உங்கள் மகள் அதைப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டும், லொட்ஜ் வராந்தாவில் பாட்டியோடு அடைபட்டுக் கிடக்க வேண்டாம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே செல்ல முடியாது, வாயிலில் உள்ள வன அலுவலகத்தில் நுழைவுச்சீட்டோடு ஒருவரை ஒழுங்கு செய்துகொள்ளலாம். கடினமான கிளைப்பாதைகளுக்குப் போக ஆசையாக இருந்தால் கணவனும் மனைவியும் முறை மாறிப் போங்கள். ஒருவர் நடக்கும்போது மற்றவர் பிள்ளையோடு இருக்கட்டும். பிள்ளையைப் பெற்றவர்கள் நீங்கள்.

அட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் கடிக்கும். நீளக் காலுறையும் சவர்க்காரமும் தேசிக்காயும் எடுத்துச் செல்லுங்கள், அதற்கு மேல் தெரிய வேண்டியதை மாமியாரிடம் கேளுங்கள். இந்த விடயத்தில் அவர் உங்கள் எல்லோருக்கும் குரு.

ஓகஸ்டில் மழை இருக்கும். இந்த வனத்தில் ஆண்டுக்கு 3,600 மில்லிமீற்றர் முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது, மழையே இல்லாத காலம் என்று ஒன்று கிடையாது. மே, ஜூன் மாதங்களின் கொட்டல் ஓகஸ்டில் சற்றுத் தணியும், ஜனவரி முதல் மார்ச் வரை இன்னும் நல்லது. ஆனால் ஆசிரியைக்கு விடுமுறை கிடைக்கும்போதுதான் போக முடியும், பெரஹரா ஊர்வலத் திருவிழா நெரிசலில் கண்டியை விட்டு நான்கு நாள் விலக நினைப்பதும் நியாயமானதே. புறப்படுவதற்கு முந்தைய நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரி மாவட்டம் பட்ட பாடு நினைவிருக்கும். எச்சரிக்கை இருந்தால் முற்பணம் போனாலும் போகட்டும், வீட்டில் இருங்கள். கவரேஜ் இல்லாததை ஒரு சுகமாக எழுதியிருக்கிறீர்கள். சீனி வியாதிக்காரரை அழைத்துச் செல்பவர்களுக்கு அது சுகமல்ல. அந்த வளவில் தொலைபேசி வேலை செய்யும் இடம் எது, இரவில் ஜீப் ஒன்று நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமென்றால் கலவானை ஆதார வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டும். மாத்திரைகளை இரண்டு நாட்களுக்கு அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள், அவருடைய சாப்பாட்டு நேரத்தைச் சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெயரில் 'சூழல்' என்று போட்டுக்கொண்ட லொட்ஜ்கள் எல்லாம் சூழலைக் காப்பவை அல்ல. கழிவுநீர் எங்கே போகிறது, குப்பையை யார் எடுத்துச் செல்கிறார்கள், வேலை செய்பவர்கள் அந்தக் கிராமத்தவர்களா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் உங்களுக்கே புரியும். ஆந்தையைக் காட்டுகிறோம் என்று ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை அழைக்கும் வழிகாட்டிகளை ஊக்குவிக்காதீர்கள். அந்தப் பழைய வீடு, அது எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், மரத்தின் மேல் ஆணியடித்துக் கட்டிய குடிலைவிடக் காட்டுக்குக் குறைந்த தொல்லை கொடுக்கும் என்பதே என் எண்ணம்.

பணம் கட்டும் முன் கணவர் தன் தாயிடம் போய், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்ற பேச்சை எடுக்காமல், "நாங்கள் ஒரு காட்டுக்குப் போகிறோம், நீங்களும் வர விருப்பமா?" என்று கேட்கட்டும். வாழ்நாள் முழுவதும் மலையும் மழையும் பார்த்தது போதும், வீட்டில் இருக்கிறேன் என்று அவர் சொன்னால், அவருக்குத் துணைக்கு யாரையாவது ஒழுங்கு செய்துவிட்டு நீங்கள் மூவரும் போய் வாருங்கள். வருகிறேன் என்றால் இரண்டு அறைகளுக்கும் முற்பணத்தைக் கட்டி, கழிப்பறை உள்ளேயே இருக்கும் அறையை அவருடைய பெயரில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை எந்த அறையில் படுப்பாள் என்பதைப் பாட்டியும் பேத்தியும் அங்கே போய் முடிவு செய்துகொள்வார்கள்.