காட்டன் என்று வாங்கிய சட்டை முதுகோடு ஒட்டுகிறது, துவைத்தாலும் வாடை போகவில்லை

அநேகமாக அது பாலியஸ்டர் கலந்த துணி. தண்டையார்பேட்டை வெயிலில் நாள் முழுவதும் பைக்கில் டெலிவரிக்குப் போகும் உங்களுக்கு மெல்லிய, தளர்வான முழுப் பருத்திதான் சரி.

பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கும்; பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால் வியர்வை தோலுக்கும் துணிக்கும் நடுவில் தங்கிவிடுகிறது. நம் கடலோரக் காற்றில் அது சீக்கிரம் ஆவியாவதும் இல்லை. உடம்பின் எண்ணெய்ப் பசையையும் பாலியஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும். வாடை அங்கிருந்துதான் வருகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்:

1. உள்மடிப்பின் ஓரத்தில், துணியிலிருந்தே நீளவாக்கில் ஓர் இழையும் குறுக்குவாக்கில் ஓர் இழையும் உருவுங்கள். தையல் நூல் வேண்டாம். பருத்திச் சட்டையையும் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலால்தான் தைக்கிறார்கள்.
2. இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையும் மிருதுவான சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கறுத்த கெட்டி மணியானால் பாலியஸ்டர். உருகும் துளி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம்.

ரேயானும் பருத்தி போலவே எரியும் என்பதால் லேபிளையும் பார்த்துவிடுங்கள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் அடுத்த முறை வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் பிடித்து, நெசவு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். நெருக்கமாக நெய்த கனமான பருத்தியும் புழுங்கத்தான் செய்யும். நனைந்த பருத்தி மெதுவாகத்தான் காயும். மதியத்துக்கு ஒரு மாற்றுச் சட்டை அவசியம்.