வாடிக்கையாளரோட சொந்த கிளவுட் கணக்குல நம்ம செயலியை நிறுவிக் கொடுக்க எப்படித் தயார் பண்ணணும்? டெராஃபார்மா, கிளவுட்ஃபார்மேஷனா? (ரெண்டும் சர்வர், நெட்வொர்க் எல்லாத்தையும் கோடா எழுதி வச்சு கிளவுட்ல கட்டித்தர்ற கருவிங்க. ரெண்டாவது அமேசானோடது.)

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஆறின புண்ணைச் சொறிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. உங்க நிலைமை எனக்குப் புரியுது. சின்ன கம்பெனி, இதுவரைக்கும் எல்லாரையும் உங்க ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) கணக்குலயே வச்சு ஓட்டியிருப்பீங்க. இப்ப பெரிய கை ஒண்ணு வந்து "டேட்டா எங்க கணக்கைத் தாண்டக் கூடாது"ன்னுடுச்சு, அதானே?

எனக்கு ஊரு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, வேலை கோயமுத்தூர்ல. எங்களுக்கு அப்படி வந்தது கொச்சியில ஒரு நிதி நிறுவனம். டாக்கர் இமேஜ் (செயலியை அது ஓடத் தேவையானதோட சேர்த்துக் கட்டின மூட்டை), டெராஃபார்ம் மாட்யூல் (கட்டற கோட்), ரெண்டு பக்க ரீட்மீ (குறிப்பு), அவ்வளவுதான் எங்க பொட்டலம். நாப்பது நிமிஷத்துல அவங்க கணக்குல ஏறி நின்னுச்சு. அன்னைக்கு ஆபீசுக்கே என் செலவுல பரோட்டா.

மூணாவது வாரம் அவங்க எஞ்சினியர் சேட்டன் கூப்பிட்டார். அவங்க மெயின் சிஸ்டம் இருக்கிற விபிசியோட (கிளவுட்ல அவங்களுக்குன்னு இருக்கிற தனி நெட்வொர்க்) பியரிங் போடணும், அதாவது ரெண்டு நெட்வொர்க்கையும் இணைக்கணும், விழமாட்டேங்குது. "ரெண்டும் ஒண்ணாணல்லோ"ன்னார். மாட்யூலைத் திறந்தா, நெட்வொர்க்கோட முகவரி எல்லையை 10.0.0.0/16-ன்னு நானே கையால எழுதி வச்சிருக்கேன். அவங்களோடதும் அதே 10.0.0.0/16. முகவரி எல்லை ஒண்ணுமேல ஒண்ணு விழுந்தா பியரிங் நடக்காது. உருவாக்கின விபிசியோட முதல் எல்லையை மாத்தவும் முடியாது. புதுசா ஒண்ணு சேர்க்கலாம், ஆனா பழசு அங்கேயே உக்காந்திருக்கும், பியரிங்கும் விழாது. மொத்தத்தையும் வேற எல்லையில மறுபடி கட்டி, டேட்டாபேஸை ஸ்னாப்ஷாட் (அப்போதைய நகல்) எடுத்து அங்க ரீஸ்டோர் பண்ணினோம். சனிக்கிழமை ராத்திரி, துலாவருஷ (ஐப்பசி மழை) இடி, எங்க ஊர்ல கரண்ட் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்ல விடியக்காலைல முடிச்சேன்.

"இதெல்லாம் முதல் பாடம், தெரியாதா?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: தெரியும். நம்ம கணக்குல சோதிக்கும்போது நம்ம கணக்குதான் உலகம்னு ஆயிடுது.

அனுமதி விஷயத்துலயும் அசிங்கப்பட்டோம். முதல்ல கேட்டதே அட்மினிஸ்ட்ரேட்டர் அக்சஸ், அதாவது அவங்க கணக்குல எல்லாத்தையும் செய்யற அனுமதி. எங்க தோப்புல கள்ளு இறக்க ஆள் வருவாங்க. எண்ணிக் கொடுத்த மரத்துல ஏறலாம், அதுக்காக அடுக்களைச் சாவி கேட்கமாட்டாங்க. (தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடைன்னு தெரியும். சித்தூர் தாலுகாவுல அது லைசன்ஸ் உள்ள தொழில், சண்டைக்கு வராதீங்க.) தேவையானதை மட்டும் எழுதின ஐஏஎம் ரோல் (ஏடபிள்யூஎஸ்ல அனுமதிகளை அடக்கின ஒரு வேஷம்) கேளுங்க. அந்த ரோலை எடுக்கும்போது கூடவே காட்ட வேண்டிய எக்ஸ்டர்னல் ஐடியை வாடிக்கையாளருக்கு ஒண்ணா நீங்களே உருவாக்கிக் கொடுங்க. இல்லாட்டி இன்னொரு வாடிக்கையாளர் இவரோட ரோல் ஏஆர்என்னை (அந்த ரோலோட முழு அடையாளப் பேரு) உங்க திரையில டைப் பண்ணி, உங்க கையாலயே இவர் வீட்டைத் திறக்க வச்சுடலாம்.

அடுத்து வந்த வாடிக்கையாளரோட சப்நெட்டுக்கு (விபிசிக்குள்ள ஒரு பகுதி) இன்டர்நெட்டே கிடையாது. எங்க ரெஜிஸ்ட்ரியிலிருந்து (இமேஜ் வச்சிருக்கிற கிடங்கு) இமேஜ் இறங்கலை. இப்ப அவங்கவங்க இசிஆருக்கே (ஏடபிள்யூஎஸ்ஸோட இமேஜ் கிடங்கு) ஏத்திடறோம், இன்டர்நெட் இல்லாமலே விபிசி எண்ட்பாயிண்ட்ங்கிற தனி வழியா இழுத்துக்கும். எந்த இமேஜ்னு சொல்ல, மாறிக்கிட்டே இருக்கிற 'லேட்டஸ்ட்' டேக் (பேரு) கிடையாது, அந்த ஒரே இமேஜைக் குறிக்கிற டைஜெஸ்ட்தான்.

சம்பந்தமில்லாத ஒண்ணு, சொல்லாம போக மனசு வரலை. ராத்திரி முழிச்சு முடிச்ச அன்னைக்குக் காலைல மீட்டிங்ல அந்த கொச்சி நிறுவனத்து மேனேஜர் ஒருத்தர், மைக் அணைச்சிருக்குன்னு நினைச்சு, "ஆ பாண்டி"ன்னு (அந்தப் பாண்டி; தமிழங்களை அங்க மட்டமா சொல்ற பேரு) என்னைத்தான் சொன்னார். எங்க ஆபீஸ்லயோ கேரளா கால் வந்தா "டேய் மலையாளி, நீயே பேசு." நாங்க வீட்டுல பேசறது தமிழ், நான் படிச்சதும் தமிழ் மீடியம். ஊர்ல ஒரு சான்றிதழுக்குப் போனா ஃபாரம் மலையாளத்துல மட்டும்தான் நீட்டறாங்க. எங்க அம்மாவுக்கு நான்தான் ரொப்பித் தரணும்.

சரி, கேட்டதுக்கு வர்றேன். வாடிக்கையாளர் ஆளுங்களுக்கு எது பழக்கமோ அது. டெராஃபார்ம் தெரியாதவங்களுக்குக் கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட் கொடுத்தா கன்சோல்லயே ஓட்டிக்குவாங்க. எதுவானாலும் முகவரி எல்லையை அவங்களே நிரப்பட்டும். எங்க மாட்யூல்ல அதுக்கு இப்ப டிஃபால்ட் (நாங்களே நிரப்பி வச்ச மதிப்பு) கிடையாது, காலியா விட்டா கட்டறதுக்கு முன்னாடி ஓட்டற 'பிளான்' கட்டளையே ஓடாது.